ஞாயிற்றுக்கிழமை சாட்சிக்கு ஒரு உதவி

ஹலோ... ஆமா... ஆமா ஆமா, நான்தான். கத்தாத. சிக்னல் இப்பதான் வந்துச்சு... இல்ல, ஆஸ்பத்திரியில இல்ல... பதினோரு மணிக்கே கிளம்பிட்டேம்மா! கண் ஆபரேஷன் பண்ணிட்டு நிக்கிற உங்கம்மாவக் கூட்டிட்டு வர மறப்பேனா?

ஒரு மணி ஆச்சு, தெரியும்... சொல்றேன், சொல்றேன். நாளைக்கு சர்ச்சுல நான் சாட்சி சொல்லணும்ல? முன்பின் தெரியாதவங்களுக்கு இந்த வாரம் என்ன உதவி செஞ்சேன்னு. கமிட்டி செயலாளர் நானே வெறுங்கையோட போய் நின்னா நல்லாவா இருக்கும்? அதான், வழியெல்லாம் ஆள் தேடிட்டே வந்தேன்... ஆமா, தேடித்தான். சிரிக்காத.

பஸ் ஸ்டாப்புல ஒரு அம்மா, ரெண்டு பிள்ளைங்க. நல்ல மழை. ஏத்திக்கிட்டேன்... ரெண்டு ஸ்டாப் தள்ளி இறக்கிவிடுங்கன்னுதான் கேட்டாங்க. ரெண்டு ஸ்டாப்ப வெச்சுக்கிட்டு பத்து நிமிஷம் எப்படி சாட்சி சொல்றது? வீட்டு வாசல்லயே விடுறேன்னு... ஆமா, வேணாம்னாங்க. மூணு தடவை. சின்னது அழவே ஆரம்பிச்சிடுச்சு, யாரோ பிள்ளை பிடிக்கிறவன்னு நெனச்சிருக்கும்.

அவங்களா? இறங்கி நடந்தே போயிட்டாங்க. அவங்க வீட்டுக்குப் போற மண் ரோட்டுல கார்தான் சேத்துல மாட்டிக்கிச்சு. முன் சக்கரம் பாதி உள்ள... கார விடு! அத்தை எங்க? ஒரு கண்ணுல கட்டோட மழையில...

வந்துட்டாங்களா! ஸ்தோத்திரம்... எப்படி?... ஆஸ்பத்திரிப் போர்வையெல்லாம் சலவைக்கு எடுத்துட்டுப் போற வேனா? அந்த டிரைவரா?... குடை பிடிச்சா?... ம்... சொட்டு மருந்து கூட வாங்கிக் குடுத்தாரா?... ம்ம்...

நம்ம சர்ச்சா? எனக்குத் தெரியாம யாரு... நீல யூனிஃபார்மா?

அவரா!

போன வாரம் புதுசா வந்தாரும்மா. டியூட்டி முடிச்ச கையோட, பிளீச்சிங் பவுடர் வாசனையோட நேரா வந்து முதல் பெஞ்சுல உக்காந்துட்டாரு. கமிட்டி பெஞ்சுல! நான்தான் எழுப்பினேன்... கத்தி இல்ல, சிரிச்சுக்கிட்டேதான். தோள்ல கையப் போட்டுக் கடைசிப் பெஞ்சுக்குக் கூட்டிட்டுப் போய், தூணுக்குப் பின்னாடி... அத்தைகிட்ட சொல்லிட்டாரா? என்ன சொன்னாரு? சொல்லித் தொலை!

அண்ணனா? எந்த அண்ணன்?... ஃபேனா?... அவரு வேர்த்து நின்னதப் பாத்து, நான் பரிதாபப்பட்டு, ஃபேனுக்கு அடியில உக்கார வெச்சேனாமா?... நானா?... அதை நெனச்சுத்தான் இன்னிக்கு அத்தைக்கு வண்டிய நிறுத்தினாராமா?

சிரிச்சு முடி. அங்க ஒரு ஃபேன் இருக்கறதே எனக்கு இப்பதான் தெரியும்.

சாட்சியா? என்னத்தச் சொல்ல?... அவரையா? ஐயோ, அவர மேடையேத்திராத! ஏத்தினா என்னையத்தான் புகழ்வாரு!

இன்னும் அங்கதான் இருக்காரா?... மெதுவாக் கேளு, வேன்ல கயிறு ஏதாவது இருக்குமான்னு... நான்தான்னு சொல்லாத. ஃபோன அவருகிட்ட குடுக்காத, குடுக்காதன்னு சொல்றேன்ல...

ஹலோ... தம்பி... ஆமா, அந்த அம்மாவோட மாப்பிள்ளைதான் பேசுறேன்... குரல வெச்சே கண்டுபிடிச்சிட்டீங்களா? ஆமா... அந்த ஃபேன் அண்ணன்தான்... சேத்துல, ஆமா, பழைய செங்கல் சூளை தாண்டி... இப்பவேவா? சாப்பிட்டுட்டு வாங்க தம்பி... இல்ல இல்ல, முன்சீட்டெல்லாம் தொடைக்க வேணாம், நான் பின்னாடி துணி மூட்டையோடயே உக்காந்துக்கிறேன்... நெசமாத்தான்.

தம்பி, ஒரு நிமிஷம். வெச்சிடாதீங்க. அன்னிக்கு உங்கள நான் எழுப்பினேன்ல... அது ஃபேனுக்காக இல்ல. உங்க சட்டையில அந்த பிளீச்சிங் வாசனை... ஹலோ?... தம்பி?... ஹலோ?

நீயா?... கிளம்பிட்டாரா?