புதுச் செருப்பு மணக்கும் கிணறு

"...வேற யாரு? அந்த ராஜதாசுக்க செருப்புப் பட்டறைதான் மக்கா. கொஞ்சம் குடிச்சுப் பாரு... வேண்டாம், மோந்து பாரு போதும். புதுச் செருப்புக்க மணம் இல்லியா?"

கேரள எல்லையிலுள்ள பாறசாலைக்கு அருகே, தன் தென்னந்தோப்பின் கிணற்றடியில் நின்று செல்லபாய் முறையிட்டுக்கொண்டிருந்தாள். வேளாண் அலுவலகமான கிருஷிபவனின் அதிகாரி பிந்து, சோதனைக்காகக் குப்பியில் தண்ணீரை நிரப்பிக்கொண்டிருந்தாள். செல்லபாய்க்குக் காதுகள்தாம் தேவை, பதில் தேவையில்லை.

மகள் அமிர்தாவின் கல்யாணம் நெருங்கிவிட்டது. விருந்து இந்த முற்றத்தில், கோடையிலும் வற்றாத இந்தக் கிணற்றை நம்பித்தான். ஆனால் மாப்பிள்ளையின் தாய் ரத்னபாய், வந்த அன்று காப்பியை ஒரு வாய் குடித்ததும் கீழே வைத்தாள். விருந்தைத் தங்கள் வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாமே என்று போகும்போது சொல்லியும் விட்டாள். அதற்குப் பதில் தன்னை நாலு அடி அடித்திருக்கலாம் என்றாள் செல்லபாய்.

செருப்பு வார் விறைக்காமல் வளைவதற்காகப் பிளாஸ்டிக்கில் ஏதோ எண்ணெய் சேர்க்கிறார்களாம்; மழையில் அது மண்ணிலிறங்கிக் கிணற்றுக்கு வருமாம். பட்டறை வேலைக்காரனே சொன்னானாம். பிந்து தலையசைத்தாள். செல்லபாய்க்கு உற்சாகம் பொங்கியது.

"அவனுக்க கெணறு மட்டும் கண்ணாடி மாதிரி கெடக்கு, நீயும் பாத்தியே. கள்ளப்பய. ஊருக்கெல்லாம் கல்யாணக் கடிதம் குடுத்தாச்சு, அவனுக்குக் கெடையாது."

ராஜதாஸின் குற்றங்கள் அத்துடன் முடியவில்லை. முன்பெல்லாம் வார்த் துண்டுகளை மாலைதோறும் எரிப்பான். காயப்போட்ட வெள்ளைத் துணியெல்லாம் கரி. இவள் பட்டறை வாசலில் நின்று ஊர் கூடும்படி வைதாளாம். இனி எரிக்கக் கூடாது, அத்தனையும் தன் தோப்பில் கொண்டு தட்ட வேண்டும் என்று சொல்லிச் சாதித்தும்விட்டாளாம்.

பிந்துவின் கை குப்பியோடு நின்றது.

வழக்கமாக மழைக்கு முன் தென்னையின் அடியைச் சுற்றிக் குழி எடுத்து, ஈரம் தங்குவதற்காகத் தேங்காய் உரித்த மட்டையான கதம்பையைப் புதைப்பார்கள். சென்ற ஆண்டு கயிற்றுக்காரர்கள் கதம்பைக்கு நல்ல விலை தந்தார்கள். செல்லபாய் அதை விற்றுவிட்டுக் குழிகளில் வார்த் துண்டுகளை நிரப்பினாள்.

"கதம்பை மாதிரியே மெத்துமெத்துன்னு இருந்துது மக்கா. கதம்பைன்னா மக்கிப் போவும், இது மக்கவே மக்காது. எனக்க புத்தி எப்படி?"

பிந்து மண்வெட்டியை எடுத்துக் கிணற்றோரத் தென்னையின் அடியில் தோண்டினாள். நீல வார்கள் வெளிவந்தன. ஒன்றை எடுத்து வளைத்தாள். அது வளையாமல் ஒடிந்தது.

"சேச்சி, இதுல இருந்த மெதுமையெல்லாம் இப்ப உங்க கெணத்துல உண்டு."

எல்லாவற்றையும் தோண்டி எடுக்க வேண்டும், இந்தத் தண்ணீரில் விருந்து சமைக்கக் கூடாது என்று மட்டும் சொல்லிவிட்டுக் குப்பியைப் பையில் வைத்தாள்.

ஒடிந்த வாரைக் கையில் வாங்கிய செல்லபாய், கேட்டவுடன் தூக்கிக் கொடுத்த ராஜதாஸுக்கு அறிவு வேண்டாமா என்று மறுபடியும் தொடங்கினாள். திரும்பிப் பார்த்தபோது பிந்து வேலியைத் தாண்டி பஸ்ஸுக்கு நடந்துகொண்டிருந்தாள்.

அன்று மாலை, ஒரு கையில் கல்யாணக் கடிதமும் இடுப்பில் குடமுமாகச் செல்லபாய் பட்டறை வாசலில் நின்றாள்.

"எலே ராஜதாசு, நீ இல்லாம நம்ம பிள்ளைக்க கல்யாணமா? நீதான் முன்னால நிக்கணும்... வாறப்ப ஒனக்க கெணத்துல இருந்து ஒரு பத்து அண்டா வெள்ளமும் கொண்டு வா."