பதினோராவது காகிதம்

இந்த இரங்கல் கூட்டத்துக்குத் தலைமை வகிக்கும் கட்டடக் குழுத் தலைவர் அவர்களே, ஜெபம் செய்த போதகர் அவர்களே, பழைய அச்சுக்கூடத் தொழிலாளர்களே, மாதர் தையல் சங்கத்துச் சகோதரிகளே, கர்த்தர் நம் எல்லோரையும் தேற்றுவாராக. நான் வீட்டைப் பார்ப்பவள். மேடையில் பேசிப் பழக்கமில்லை. நோட்டில் எழுதி வைத்ததைத்தான் சொல்லப் போகிறேன்.

ஃபோர்மேன் சத்தியராஜ் அண்ணன்! நாம் கூடியிருக்கும் இதே இயந்திரக் கூடத்தில் முப்பத்தாறு வருடம் ‘நெய்யாற்றொளி’ நாளிதழை அச்சடித்தவர். பாறசாலையில் பஸ் இறங்குகிறவர்கள் அந்த நீளக் கண்ணாடிச் சுவர் வழியே அச்சு ஓடுவதைப் பார்த்து நிற்பார்களாம். வெயிலைத் தடுக்க முகப்பு முழுக்கக் கான்கிரீட் பலகைகளைச் சாய்த்து வைத்த கட்டடம் அந்தக் காலத்தில் இந்தப் பக்கம் வேறு உண்டா? ‘நெய்யாற்றொளி’ நின்றது. இயந்திரங்கள் போயின. அண்ணன் போகவில்லை. பூட்டிக் கிடந்த கூடத்தைத் திறக்க வைத்து, எங்களுக்குத் தையல் கூடமாகவும் மாடியை வாசகசாலையாகவும் ஆக்கித் தந்தது யார்? அவரல்லவா!

சுவரில் விரிசல் கண்டபோது நாங்கள் பயந்தோம். அவரோ பழைய இதழ்களில் தேதியுள்ள தலைப்பை நறுக்கி, மைதாப் பசையால் விரிசல்களுக்குக் குறுக்கே ஒட்டினார். சுவர் நகர்ந்தால் காகிதம் கிழியும். மாதத்தின் முதல் ஞாயிறு, ஆராதனை முடிந்ததும் இருவரும் பார்ப்போம், நான் குறித்துக்கொள்வேன். ஒன்பது வருடமாக ஒன்றுகூடக் கிழியவில்லை. “விழப் போவுதுண்ணா எனக்கிட்ட சொல்லாம விழாது ஆக்கும், சரோஜம்” என்பார்.

அண்ணனை அடக்கம் செய்த மறுநாள் வந்து பார்க்கிறேன், பதினொரு காகிதமும் கிழிந்திருக்கின்றன. விரிசல் பெரிதாகிவிட்டது, இடித்துவிட்டுக் கல்யாண மண்டபம் கட்டலாம் என்று அதே வாரம் குழுவில் பேச்சு. எனக்கும் முதலில் நம்பத்தான் தோன்றியது. பிறகு நோட்டைப் புரட்டினேன். பதினோராவது காகிதம், மேடைக்குப் பின்னால் நிற்கும் இந்தத் தூணில். இதில் விரிசலே கிடையாது. பழசானால் காகிதம் தானாகக் கிழியுமா என்று பார்க்க அண்ணன் ஒட்டியது. அது அவருக்கும் எனக்கும் மட்டுமே தெரியும்.

விரிசலில்லாத தூணில் ஒட்டியது எப்படிக் கிழிந்தது? அதுவும் பிளேடு வைத்ததுபோல் நேர்கோட்டில்? நாங்களெல்லாம் கல்லறைத் தோட்டத்தில் நின்ற அந்த இரண்டு மணி நேரம் சாவி யார் கையில் இருந்தது? நான் யார் பெயரையும் சொல்லவில்லை. அறியாமல் பழி சொல்வது பாவம். தலைவர் அவர்களே, கொஞ்சம் திரும்பித் தூணைப் பாருங்கள். தண்ணீரைப் பிறகு குடிக்கலாம்.

இதோ, அண்ணனின் படம் வந்த இன்றைய பத்திரிகை. பசையும் காய்ச்சிக் கொண்டுவந்திருக்கிறேன். கூட்டம் முடிந்ததும் பெரிய விரிசலுக்குக் குறுக்கே இதை ஒட்டுவோம். ஓரத்தில் எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள், தலைவர் முதலில். முதல் ஞாயிறுதோறும் நாங்கள் வந்து பார்ப்போம். அண்ணனுக்கு இது எங்கள் வாக்கு. இனி வெட்டுகிறவர் சத்தியராஜ் அண்ணனின் முகத்தைத்தான் வெட்டவேண்டும்.