இருபத்தொன்பதாவது பிள்ளை

— பேனை எழுதேல்லை எண்டு மட்டும் சொல்லாதேங்கோ அத்தான். நேற்றும் அதைத்தான் சொன்னனீங்கள்.

— நேற்று எழுதேல்லை, பிரியா. இண்டைக்கு எழுதுது. முதல் இரு, தேத்தண்ணி குடி.

— தேத்தண்ணியும் வேண்டாம், ஒண்டும் வேண்டாம். அஞ்சரைக்குத் தபால் பெட்டியை எடுத்திடுவாங்கள். இண்டைக்குப் போடாட்டி கவிசாவின்ர இடம் போச்சு.

— சீனி ஒண்டோ, ரெண்டோ?

— அத்தான்!

— ரெண்டு போடுறன். கோவக்காரருக்கு ரெண்டு.

— அவள் எங்க?

— கீழ சைக்கிள் ஓடுறாள். இந்த ஸ்டுட்கார்ட் ஏத்தத்தில ஓடுறதைவிட உருட்டுறதுதான் கூட. பிள்ளையளை என்னடியப்பா செய்து வைச்சிருக்கிறியள்? நேற்று இன்னும் சோறு வேணுமெண்டு கையை உயர்த்திக்கொண்டு இருக்கிறாள். நான் பேர் சொல்லிக் கூப்பிடுமட்டும் வாய் திறக்கேல்லை.

— அவள் என்ர வகுப்பில்லை, பக்கத்து வகுப்பு. பழியை என்னில போடாதேங்கோ... கதையையும் மாத்தாதேங்கோ. படிவம் எங்க?

— ஒரு சந்தேகம் கேக்கட்டே, டீச்சர்?

— கையை உயர்த்திப்போட்டுக் கேளுங்கோ.

— போன மாசம் பெற்றோர் கூட்டத்தில எழும்பி நிண்டு என்ன சொன்னனீ? தனியார் பள்ளிக்கூடத்துக்குக் காசு கட்டுற இந்தக் குட்ஷைன் சீட்டு வந்த ரெண்டு வருசத்தில ஒன்பது பிள்ளையள் எங்கட பள்ளிக்கூடத்தை விட்டுப் போயிட்டினம்... படிவம் நிரப்பத் தெரிஞ்ச வீட்டுப் பிள்ளையள்தான் போகுதுகள்... மிச்சம் கிடக்கிறதுகளுக்கு ஆர் எண்டு. நீ மேசையில தட்டின தட்டில என்ர கோப்பியெல்லாம் ஊத்துப்பட்டது.

— அது டீச்சர் சொன்னது.

— அப்ப இது?

— இது சித்தி சொல்லுறது.

— ரெண்டு பேரும் ஒரே சப்பாத்துத்தானே போட்டிருக்கினம்.

— விளையாடாதேங்கோ. அந்தத் தனியார் பள்ளிக்கூடத்துக்கு எங்களால காசு கட்ட ஏலுமே? ஸ்டிஃப்டுங் அறக்கட்டளைக்காரர் பத்தாம் வகுப்பு முடியுமட்டும் தாங்கள் கட்டுறம் எண்டு குட்ஷைன் தந்திருக்கினம். அங்க வயலின் இருக்கு. பின்னேரம் அஞ்சு மணியாகுமட்டும் வைச்சுப் பாப்பினம். நீங்கள் ஓட்டுற பஸ்ஸை விட்டுட்டு ஓடிவரத் தேவையில்லை.

— நான் எங்க ஓடி வாறன்? நீதானே கூட்டிக்கொண்டு வாறாய்.

— நான் எத்தினை நாளைக்கு?

— ஏன், எங்கயும் போறியோ?

— ...சும்மா ஒரு கதைக்குச் சொன்னன். அதோட, இது அக்கா கேட்டது. ஆசுப்பத்திரியில என்ர கையைப் பிடிச்சுக் கேட்டது.

— எப்ப?

— கடைசிக் கிழமை. நீங்கள் கோப்பி எடுக்கக் கீழ போயிருந்தனீங்கள்.

— ம்... நான் கனக்கக் கோப்பி குடிச்சிருக்கிறன் போல.

— என்னத்துக்குச் சிரிக்கிறியள்?

— சிரிக்கேல்லை. இந்தா, பிடி.

— என்ன இது?

— கடிதம். காலமையே எழுதி, ஒட்டி, முத்திரையும் ஒட்டி வைச்சிட்டன்.

— கடவுளே! பிறகேன் இவ்வளவு நேரம் என்னை அலைக்கழிச்சனீங்கள்?

— ஒவ்வொரு நாளும் நிண்டபடியே குடிச்சுப்போட்டு ஓடுவாய். இண்டைக்கு இருந்து குடிச்சாய் எல்லே.

— குடிச்சாச்சு. போட்டுட்டு வாறன்.

— ஒரு நிமிசம். கவிசா போனால் வாற வருசம் நாலாம் வகுப்பில எத்தினை பேர்?

— ...இருபத்தெட்டு.

— அவள் நிண்டால் இருபத்தொன்பது. இருபத்தெட்டுக்கு மேல இருந்தால்தான் ரெண்டு வகுப்பு. இல்லாட்டி ரெண்டையும் ஒண்டாக்கிப்போடுவினம். சரியோ?

— உங்களுக்கு ஆர் சொன்னது?

— உங்கட அதிபர் என்ர பஸ்ஸிலதான் வாறவ. முன் சீற்றில. ரெண்டு வகுப்பும் ஒண்டானால் ஒரு டீச்சர் மிச்சமாம். நிரந்தரமில்லாத டீச்சரைத்தான் அனுப்ப வேணுமாம். பேர் சொல்லேல்லை. என்னைப் பாத்து ஒரு பெருமூச்சு மட்டும் விட்டவ.

— அவவுக்கு வாய் கூட.

— உனக்குக் காணாது. ஏன் எனக்குச் சொல்லேல்லை?

— சொன்னால் நீங்கள் கையெழுத்து வைக்கமாட்டியள். எனக்கு வேற பள்ளிக்கூடம் கிடைக்கும் அத்தான், வேற ஊரிலயெண்டாலும். அவளுக்கு இப்பிடி ஒரு இடம் திருப்பிக் கிடைக்காது. அக்காவும் அதைத்தானே...

— பிரியா.

— ம்.

— கடைசிக் கிழமை உன்ர அக்காவுக்குத் தொண்டையில குழாய்.

— ...எழுதிக் காட்டினவ.

— நீலக் கொப்பியிலயோ?

— ஓம்.

— அந்தக் கொப்பி என்னட்டத்தான் கிடக்கு. நாப்பத்தொரு பக்கம். ஐஸ்கிறீம் கேட்டது இருக்கு. யன்னலைப் பூட்டச் சொன்னது இருக்கு. என்னைச் சேவ் எடுக்கச் சொல்லி மூண்டு தரம் இருக்கு. நீ சொல்லுறது இல்லை. அழாத. பெரிய டீச்சர்.

— பொய்தான் அத்தான். அக்காவின்ர பேரைச் சொன்னால் நீங்கள் மாட்டன் எண்டு சொல்லமாட்டியள் எண்டு தெரியும். என்னை எவ்வளவெண்டாலும் ஏசுங்கோ... கடிதத்தை மட்டும் திருப்பிக் கேக்காதேங்கோ.

— கேக்கேல்லை. கெதியாக் கொண்டுபோய்ப் போடு. பட்டியலில அடுத்ததா நிக்கிற பிள்ளைக்கு அவையள் அறிவிக்க வேணுமெல்லே.

— என்ன அடுத்த பிள்ளை? ...அத்தான், இதுக்குள்ள என்ன எழுதிக் கிடக்கு?

— 'நன்றி, எங்களுக்கு வேண்டாம்' எண்டு. கவிசாட்டக் கேட்டுத்தான் எழுதினன். வயலினைச் சனிக்கிழமையில பழகலாமாம். சித்தியைச் சனிக்கிழமையில மட்டும் பாத்தால் காணாதாம்.

— விசரே உங்களுக்கு! எனக்காகப் பிள்ளையின்ர படிப்பை...

— உனக்காக மட்டுமில்லை. மற்ற இருபத்தெட்டுப் பேரின்ர தாய் தேப்பனும் இந்தக் குசினியில இல்லையே. அவையளுக்காகவும் ஆரேன் யோசிக்க வேணும். அதை எனக்குச் சொல்லித் தந்ததே நீதான். கோப்பி ஊத்துப்பட்ட அண்டைக்கு.

— நாளைக்கு அவள் வளந்து, ஏனப்பா என்னை விடேல்லை எண்டு கேட்டால்?

— கொப்பியைக் காட்டுவன். முப்பத்தாறாம் பக்கம்.

— அதில என்ன?

— 'பிள்ளையைப் பிரியாவின்ர பள்ளிக்கூடத்திலயே விடுங்கோ. நானும் இல்லாட்டிப் பிரியா ஒருதற்ற வீட்டுக்கும் போகமாட்டாள். கவிசாவைக் கூட்டிக்கொண்டு வாற சாட்டிலயெண்டாலும் எங்கட வீட்டுக்கு வரட்டும். வந்தால் இருத்தித் தேத்தண்ணி குடுங்கோ. ரெண்டு சீனி.'