பதினான்கு படங்கள்

கணினியில் படம் திருத்தும் மாலை வகுப்புக்கு நான் ஒருநாளும் தாமதமாக வந்ததில்லை. பயிற்சிக் குறிப்பேட்டையும் தவறாமல் எழுதியிருக்கிறேன். நேற்று என் அம்மா உங்களிடம் வந்து அழுததாகச் சொன்னீர்கள். அதனால் இந்தப் பக்கத்தையும் முறையாக எழுதுகிறேன். வரிசை சரியாக வருகிறதா என்று தெரியவில்லை, டீச்சர்.

அக்கா பன்னிரண்டு வயதில் காய்ச்சலில் போனாள். அப்போது எனக்கு எட்டு. ஆல்பம் பழைய வீட்டின் ஒழுகலில் நனைந்து கட்டியாகிவிட்டது. மிச்சம் இருந்தது அப்பா வாங்கிய முதல் டிஜிட்டல் கேமராவின் மெமரி கார்டு மட்டும். அதில் பதினான்கு படங்கள். எங்களை ஜன்னலுக்கு முதுகு காட்டி நிற்க வைத்து எடுத்திருந்தார். முகங்கள் எல்லாமே கரி அப்பியது போல இருந்தன.

இருட்டில் விவரம் ஒளிந்திருக்கும், வெளுத்துப்போனதில் ஒன்றுமே மிஞ்சாது என்று மூன்றாம் நாள் வகுப்பில் சொன்னீர்கள். அடிக்கோடிட்டு வைத்திருக்கிறேன்.

முதல் படத்தில் அக்காவின் முகத்தை மட்டும் தேர்ந்தெடுத்து வெளிச்சம் கூட்டினேன். கொஞ்சம் புள்ளி புள்ளியாக, ஆனால் சிரிப்போடு வந்தாள். அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"என் தங்கம். பல்லு விழுந்த இடம்கூட தெரியுது பாரு."

"ஓரத்துல நானும் இருக்கேன்மா."

அம்மா கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தாள். "அது நீயாடி? அவ பையை மாட்டி வச்சிருக்குன்னு நினைச்சேன்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். நானும் சிரித்தேன்.

மறுநாள் மற்ற படங்களைத் திறந்தேன். அம்மா இருக்கும் ஒன்பது படங்களிலும் அவள் பார்வை அக்கா பக்கம்தான். எண்ணிக் குறித்திருக்கிறேன். பிறகு வேலையைத் தொடங்கினேன். ஒவ்வொன்றிலும் அக்காவின் முகத்தில் வெளிச்சத்தைக் கடைசி வரை ஏற்றினேன். மூக்கு போனது, பல் போனது, வெறும் வெள்ளை நின்றது. அதே பெயரில் சேமித்தேன். மூலப்படத்தைத் தொடுமுன் நகல் எடுக்க வேண்டும் என்பது உங்கள் முதல் விதி. எடுத்திருந்தேன். அந்த நகல்களையும் அழித்தேன், கார்டையும் காலியாக்கினேன். மூன்று மாலைகள் ஆயின.

"பழைய கேமராம்மா, ஜன்னல் வெளிச்சம் தின்னுருச்சு" என்றேன்.

"அன்னிக்குக் காட்டினியே, அது?"

"அது மறுபடி திறக்கும்போதே கெட்டுப்போச்சு."

அம்மா நம்பவில்லை போலிருக்கிறது. அதனால்தான் உங்களிடம் வந்திருக்கிறாள். மீட்க முடியுமா என்று கேட்டிருப்பாள். முடியாது. இரண்டு முறை சரிபார்த்துவிட்டேன்.

மீட்டதும் உண்டு. பதினான்கிலும் என்னை இருட்டிலிருந்து வெளியே கொண்டுவந்தேன். ரிப்பன், சட்டைப் பொத்தான் எல்லாம் துல்லியம். நான் செய்ததிலேயே சுத்தமான வேலை அதுதான். அதில் ஒன்றைப் பெரிதாக அச்சிட்டு கூடத்தில் மாட்டினேன்.

அம்மா அதன் எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருக்கிறாள். சில நேரம் எழுந்து அந்த வெள்ளையின் மேல் விரல் வைத்து, "இங்கதான் கண்ணு இருந்துச்சு" என்கிறாள்.

இன்னும் சில நாள் ஆகும். பார்வை பழகியதும் பக்கத்தில் நிற்பவளைப் பார்ப்பாள்.