ஏழு கிலோமீட்டர் பிழை

தேநீர்க் கடையில் சர்க்கரை குறைவாக வேண்டும் என்று கேட்க எனக்கு இதுவரை வாய் வந்ததில்லை. அக்காதான் கேட்பாள். வங்கி, மருந்துக்கடை, குழாய் ஒழுகுகிறது என்று வீட்டுக்காரரிடம் சொல்வது எல்லாமே அவள் இலாகா. நான் அவள் தோளுக்குப் பின்னால் நின்று தலையாட்டுவேன். எனக்கு இருபத்தைந்து வயது. இயற்பியலில் முதல் வகுப்பு. ஆகவே, இன்ஸ்பெக்டர் மேடம், நான் இப்படித் தொடர்ந்து பேசுவது எனக்கே ஆச்சரியமாக இருக்கிறது.

நாங்கள் இருவரும் ஒரே கம்பெனி. மின்சாரக் கார் செய்பவர்களுக்கு பேட்டரியும் மோட்டாரும் செய்து கொடுக்கிறோம். அக்கா மோட்டார் பிரிவு. நான் செல்களைத் தரம் பிரிக்கும் அறை. ஒரு பேட்டரிப் பெட்டிக்குள் தொண்ணூற்றாறு செல்கள் வரிசையாகக் கோக்கப்பட்டிருக்கும். ஒவ்வொன்றையும் அளந்து, ஒரே அளவு மின்சாரம் தாங்குகிறவற்றை ஒன்றாகச் சேர்ப்பது என் வேலை. வரிசையில் ஒன்று முன்னதாகக் களைத்தாலும் மொத்தப் பெட்டியும் நின்றுவிடும். மற்றவற்றில் எவ்வளவு மிச்சம் இருந்தாலும் பயனில்லை.

சாப்பாட்டு நேரத்தில் அக்கா வந்து கண்ணாடிக் கதவைத் தட்டுவாள்.

"ஏன்டி, செல்லுங்ககிட்ட இவ்ளோ பேசுறியே, அதுல பாதி மனுஷங்ககிட்ட பேசினா என்ன? வாயத் திறந்தா முத்தா கொட்டிடும்?"

"போக்கா. இதுங்க திருப்பிக் கேள்வி கேக்காது."

"உன் பேட்டரி வெறும் மூட்டை. ஓடுறது என் மோட்டார்தான்."

"மூட்டையில இருக்கறதத் தின்னுட்டுத்தான் ஓடுது."

"என்கிட்ட மட்டும் வாய் என்னமா நீளுது பாரு."

கார் நிறுவனம் ஒன்று எங்கள் பேட்டரியும் மோட்டாரும் பொருத்திய சோதனைக் கார் கேட்டது. அதை ஓட்டிக்கொண்டு போய், இரண்டு வருடம் அங்கேயே தங்கிக் கவனிக்க அக்காவைத் தேர்ந்தெடுத்தார்கள். இருநூற்று அறுபது கிலோமீட்டர். துணி மடித்துக்கொண்டே சொன்னாள்.

"ரெண்டு வருஷம்தான்டி. கண்ண மூடித் திறக்கறதுக்குள்ள போயிடும். நீயும் அதுக்குள்ள நாலு வார்த்தை பேசக் கத்துக்கோ."

வீட்டில் எங்கள் இருவரைத் தவிர யாரும் இல்லை. நான் தலையாட்டினேன். போகாதே என்று சொல்லியிருக்கலாமே என்கிறீர்கள். கேட்க எளிதாகத்தான் இருக்கிறது.

அந்தக் காருக்கான செல்கள் என் மேசைக்கு வந்தன. தொண்ணூற்று மூன்றை ஒழுங்காகப் பொறுக்கினேன். மீதி மூன்றை, ஆயுள் சோதனை முடிந்த பழைய செல்கள் கிடக்கும் அலமாரியிலிருந்து எடுத்தேன். பதிவேட்டில் பொய் எண் ஒன்றுகூட இல்லை, பார்த்துக்கொள்ளுங்கள். அந்த மூன்றுக்கும் எழுதிய எண்கள் அவை புதிதாக இருந்தபோது அளந்தவை. இரண்டாயிரம் முறை மின்சாரம் ஏற்றி இறக்கியதில் பாவம், மூன்றும் களைத்திருந்தன. திரையில் முப்பது விழுக்காடு மிச்சம் என்று காட்டும்போதே கார் நின்றுவிடும்.

எங்கே நிற்கும் என்றும் கணக்குப் போட்டேன். நூற்றுத் தொண்ணூறாவது கிலோமீட்டர். விடுமுறை எடுத்துப் பேருந்தில் போய்ப் பார்த்து வந்தேன். இறங்க வேண்டும் என்று நடத்துநரிடம் சொல்வதற்குள் இரண்டு நிறுத்தம் தாண்டிவிட்டது, திரும்பி நடந்தேன். நல்ல இடம். அகலமான சாலை, மரநிழல், ஒரு பெட்ரோல் நிலையம். அக்கா காரைத் திட்டுவாள், எனக்கு போன் செய்வாள், இழுவை வண்டியில் திரும்பி வருவாள். பாதி வழியில் நிற்கிற காரை யார் வாங்குவார்கள்? பயணம் ரத்தாகும். இவ்வளவுதான் என் திட்டம்.

வெயிலுக்கும் ஏசிக்கும் கழித்திருந்தேன். நான் பக்கத்தில் இல்லாதபோது அக்கா எவ்வளவு வேகமாக ஓட்டுவாள் என்பதுதான் எனக்குத் தெரியாது. நூற்று எண்பத்து மூன்றில் நின்றது. ஏழு கிலோமீட்டர் பிழை. நான்கு விழுக்காட்டுக்கும் குறைவு. எங்கள் ஆய்வகத்தில் ஐந்து வரை ஏற்றுக்கொள்வோம்.

அந்த இடத்தில் ஒரு வளைவும் பாலமும் இருந்தன. ஒதுங்க வழி இல்லை. பின்னால் வந்த லாரிக்காரர் காரைத் தவிர்க்கத் திருப்பியிருக்கிறார். லாரியின் வால் காரை இடித்தது. பாலத்தின் சுவர் லாரியைத் தாங்கவில்லை. அவர் என் கணக்கில் இல்லை. அவருக்கு இரண்டு பிள்ளைகள் என்று சற்றுமுன் நீங்கள் சொன்னீர்கள். எனக்குத் தெரியாது.

அக்காவுக்கு இடுப்பெலும்பும் இடது காலும் மட்டும்தான். நான்கு மாதம் வீட்டில் இருந்தாள். தலை வாரிவிட்டேன், ஊட்டிவிட்டேன். நன்றாகவே போனது.

ஒருநாள் சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "என் மோட்டார்தான்டி. எங்கயோ கோட்டை விட்டிருக்கேன். ஒரு மனுஷன் போயிட்டாரு."

"இருக்கலாம்க்கா."

"எப்பவும் பேட்டரிதான் பெருசுன்னு மல்லுக்கு நிப்பே. இதுல மட்டும் ஒத்துக்கிறியா?" என்று சிரிக்கப் பார்த்தாள். முடியவில்லை. தவறு தன்னுடையது என்று கம்பெனிக்கு எழுதப் பேனா கேட்டாள். கொடுத்தேன்.

நேற்று கைத்தடி இல்லாமல் படியேறினாள். மேலே வந்ததும் ஒரு கடிதத்தை ஆட்டிக் காட்டினாள்.

"தப்ப ஒத்துக்கிற ஆளுதான் எங்களுக்கு வேணும்னு கார் கம்பெனியே கூப்பிட்டிருக்குடி! கார் நின்னதுக்குக் காரணம் என்னன்னு அங்க உக்காந்து நானே கண்டுபிடிக்கணுமாம். திங்கக்கிழமை ரயில்ல போறேன். ரயிலுக்கு நீ பேட்டரி பண்றதில்லையே, கவலைப்படாத."

விளையாட்டாகத்தான் சொன்னாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது.

காலையில் நேராக இங்கே வந்துவிட்டேன். செய்யாத தவறை அவள் சுமக்கக் கூடாது. அவள் பெயர் சுத்தமாக வேண்டும். அதற்காக மட்டும்தான் வந்தேன், அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். அந்த மூன்று செல்களையும் என் கையால் வைத்தேன். எங்கே சொன்னாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

ஒன்றே ஒன்று கேட்க வேண்டும், மேடம். வழக்கில் அக்காதானே முக்கிய சாட்சி? வழக்கு முடியும்வரை சாட்சி ஊரைவிட்டுப் போகக் கூடாது என்று நீங்கள் திங்கட்கிழமைக்கு முன்பே அவளிடம் சொல்லிவிட முடியுமா?