மரத்துப்போன சுண்டுவிரல்

ஜொகூர் பாரு ஓவியக்கூடத்தில் வசந்த இசைத் தொடரின் கடைசிக் கச்சேரி. என்னோடு லிப்டில் ஏறிய சகோதரிகளில், வயலின் பெட்டியை அணைத்திருந்த இளையவள் மெல்லச் சொன்னாள்:

"அக்கா, சுண்டுவிரல்ல ஊசி குத்தினாலும் தெரியல."

"எப்போலேர்ந்து?"

"மூணு நாளா."

"அலமாக்!" அக்கா பதறினாள். "கூட வாசிக்கிறவங்ககிட்ட சொன்னியா?"

"சொன்னா வேற ஆள் போட்டுடுவாங்க."

"மேடையில விரல் நின்னுபோனா என்னா செய்வே?"

கதவு திறந்தது. கூட வாசிக்கும் மூவரும் வெளியே காத்திருந்தார்கள்.

"ரெடியா?" என்றார் அவர்களில் செல்லோ வாசிப்பவர்.

"இல்ல சார். என்னால வாசிக்க முடியாது." இளையவள் சுண்டுவிரலை நீட்டிக் காட்டினாள்.

அவர் அவளுடைய விரலை அழுத்திப் பார்த்தார்.

"நாங்க மூணு பேரு வாசிக்கிறோம். நீ இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போ லா. உன் நாற்காலி மேடையிலயே இருக்கும்."