ம்ம், வெரி குட்

கத்தாதீங்க பிரேமலா. உங்க மக என் வீட்டு மேல்மாடியிலதான் இருக்கா, பத்திரமாத்தான் இருக்கா. வீட்ல இறக்கி விடாம ஏன் இங்க கூட்டிட்டு வந்தேன்னு என்னையா கேக்குறீங்க? பள்ளிக்கூடம் விட்டு வரும்போதே மெசேஜ் போட்டேன்லா. லோஷினி வேன விட்டு இறங்க மாட்டேங்கிறா, அழுவுறா, வீட்ல தனியா இருக்க பயமா இருக்காம், என் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்னு. பதிலுக்கு என்னா அனுப்புனீங்க? கட்டை விரல்! புள்ள அழுவுதுன்னா அதுக்குக் கட்டை விரலா?

சரியா பாக்கலையா? பாக்காமலா விரல் வந்துச்சு? இத்தன வருஷமா ஸ்கூடாய்ல பள்ளிக்கூட வேன் ஓட்டுறேன், இப்படி ஒரு பதில எந்த அம்மாவும் எனக்கு அனுப்புனதில்ல.

இல்ல, இல்ல, விழல. யாரும் ஒண்ணும் பண்ணல. காய்ச்சலும் இல்ல. சொல்றேன்லா. மொதல்ல அந்தப் போன மேசையில வைங்க. அப்படி இல்ல, குப்புறப் போடுங்க. அலமாக், இப்பக்கூட கண்ணு அங்கதான் போவுது! உங்க புள்ளைக்கு என்னாச்சுன்னு சொல்ல வர்றேன், நீங்க எவளோ மீன் சம்பல் ஆக்குறதப் பாக்குறீங்க. எனக்கு வயிறு எரியுது.

தெரியும், தெரியும். விடியறதுக்கு முன்னாடியே சிங்கப்பூர் பஸ்ஸப் புடிக்கிறீங்க, பாலத்து ஜேம்ல கெடந்து வர்றீங்க. நானும் செனாய்ல ஒரு கிலாங்ல மெஷின் முன்னாடி நின்னு வேல செஞ்சவதான். களைப்ப நான் குத்தம் சொல்லல. களைச்சுப் போனவ படுத்துத் தூங்குவா. நீங்க எங்க தூங்குறீங்க? சோபாவுல உக்காந்து விரலால தள்ளிக்கிட்டே இருக்கீங்க. அவ பக்கத்துல வந்து நின்னு அம்மா, அம்மாங்கிறா. நீங்க ம்ம்ங்கிறீங்க. இத நான் கட்டிச் சொல்லல, உங்க மகதான் சொன்னா. கோவமாக்கூட சொல்லல அந்தப் புள்ள. அதான் எனக்குத் தாங்கல.

எங்கிட்ட மட்டும் எப்படிச் சொன்னாளா? நான் வேன்ல ரேடியோகூட போடுறதில்ல. கண்ணாடியில எல்லா மூஞ்சியும் பாத்துக்கிட்டேதான் ஓட்டுவேன். ரெண்டு நாளா அவ புத்தகப்பைய இடுப்புக்குக் கீழ தொங்க விட்டுக்கிட்டு நடக்குறா. சிநேகிதிங்ககூட ஒரு வார்த்த பேசல. இன்னிக்கு மத்த புள்ளைங்க எல்லாம் இறங்குனப்புறம் வண்டிய ஓரமா நிறுத்திட்டு, என்னாடா கண்ணு, யாரு என்னா சொன்னாங்கன்னு கேட்டேன். அவ்வளவுதான். தேம்பித் தேம்பி அழுதுட்டா.

உக்காருங்க. நிக்காதீங்க. குளிக்க வச்சு என் மக கைலியக் கட்டி விட்டுருக்கேன். மைலோ கலக்கிக் குடுத்தேன், பாதிதான் குடிச்சா. பள்ளிக்கூட உடுப்ப ஊறப் போட்டுட்டேன். வேன் சீட்டயும் கழுவியாச்சு, அதுக்கு வேற அவ எங்கிட்ட சாரி ஆன்ட்டி, சாரி ஆன்ட்டின்னு... ஆறாம் ஆண்டுப் புள்ள, அதுக்கு என்னா தெரியும்?

ஆமா பிரேமலா. பெரிய மனுஷியாயிட்டா.

இருங்க, போன எடுக்காதீங்க! தாய்மாமனுக்கு அப்புறம் அடிச்சுக்கலாம். குரூப்ல போடுறது, மண்டபம் பாக்குறது, பட்டுச்சேல, சீர்த்தட்டு, அதெல்லாம் எங்கயும் ஓடிடாதுலா. மேல போயி அந்தப் புள்ள மூஞ்சியப் பாருங்க மொதல்ல.

என்னா? பெத்த தாய்கிட்ட சொல்லாம, வேன்காரிகிட்ட போயி ஏன் சொன்னாளா?

உங்ககிட்டதான் மொதல்ல சொன்னாளாம். திங்கக்கிழம, நீங்க வேல விட்டு வந்ததும். சோபா பக்கத்துல நின்னு, அம்மா, எனக்கு ரத்தம் வருதும்மான்னு. நீங்க தலையத் தூக்காமலே, ம்ம், வெரி குட்னீங்களாம்.